படிவுப் பாறைகளில் விண்கல் கரிமச் சேர்மங்கள்

படிவுப் பாறைகளில் விண்கல் கரிமச் சேர்மங்கள் என்பவை, விண்கற்களுடனோ வால்வெள்ளித் தூசுடனோ புவியை அடைந்து, பண்டைய கடல் அல்லது ஏரிப் படிவுகளில் புதைந்து எஞ்சியுள்ள கரிமப் பொருட்கள் ஆகும். உயிர் தோன்றுவதற்கு வேண்டிய மூலப்பொருட்களில் ஒரு பகுதி விண்வெளியிலிருந்து வந்திருக்கலாம் என்னும் கருதுகோளைச் சோதிக்க இவை உதவுகின்றன. எனினும், புவியிலேயே உருவான கரிமப் பொருட்களிலிருந்து இவற்றைப் பிரித்தறிவது கடினமாகும். இவ்வாய்வில் இந்தியாவைச் சேர்ந்த முக்கிய இடம் குசராத்து மாநிலத்தின் கச்சுப் பகுதியில் உள்ள அஞ்சார் ஆகும்.

பின்னணி

1969 செப்டம்பர் 28 அன்று ஆத்திரேலியாவின் மர்ச்சிசன் என்னும் ஊரில் கார்பன் மிகுந்த விண்கல் ஒன்று விழுந்தது. அதில் அமினோ அமிலங்கள் இருப்பதை 1970இல் நாசாவின் ஏம்சு ஆய்வு மையத்தைச் சேர்ந்த குழு வெளியிட்டது. இக்குழுவில் இலங்கையின் காலி நகரில் பிறந்த சிரில் பொன்னம்பெருமாவும் இருந்தார். இவர் 1948இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் மெய்யியலில் பட்டம் பெற்றுப் பின்னர் வேதியியலுக்கு மாறியவர். மர்ச்சிசன் விண்கல்லில் இதுவரை 70க்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள் கண்டறியப்பட்டுள்ளன. அவற்றுள் பல, உயிரினங்களின் புரதங்களில் காணப்படாதவை.

அடையாளம் காணும் முறை

பெரும்பாலான அமினோ அமிலங்கள் ஒன்றுக்கொன்று ஆடிப் பிம்பம் போன்ற இடக்கை, வலக்கை வடிவங்களில் அமைகின்றன. உயிரினங்களின் புரதங்கள் இடக்கை வடிவத்தையே பயன்படுத்துகின்றன. உயிரின் தொடர்பின்றி உருவாகும்போது இரு வடிவங்களும் ஏறத்தாழச் சம அளவில் கிடைக்கும்.

ஆயினும், பாறையில் இரண்டும் சமமாக இருப்பது மட்டுமே விண்வெளித் தோற்றத்திற்குச் சான்றாகாது. புதைந்த புரதங்களின் அமினோ அமிலங்களும் காலப்போக்கில் ஒரு வடிவத்திலிருந்து மற்றொன்றுக்கு மாறிச் சமநிலையை அடைகின்றன. ஐசோவாலைன் இதற்கு விலக்காகும். இதன் நடுக் கார்பனுடன் ஐதரசன் அணு பிணைந்திராததால் இம்மாற்றம் எளிதில் நிகழ்வதில்லை. எனவே பழம்பாறையில் ஐசோவாலைனின் இரு வடிவங்களும் சமமாகக் காணப்பட்டால், அது தோன்றியபோதே அவ்வாறு இருந்தது எனக் கொள்ளலாம். சில பூஞ்சைகளும் இதனை உருவாக்குவதால், வடிவங்களின் விகிதத்தை அளப்பது இன்றியமையாதது.

டென்மார்க்கு, தென்னாப்பிரிக்கா

ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்னர், பறவைகள் தவிர்ந்த தைனோசர்கள் அழிந்த காலத்தைக் கிரெத்தேசியக் கால எல்லைப் படிவு குறிக்கிறது. டென்மார்க்கின் இசுடீவன்சு கிளின்ட்டு என்னுமிடத்தில் இவ்வெல்லையை ஒட்டிய படிவுகளில் ஐசோவாலைன் உள்ளதை 1989இல் சாவோ, பாடா ஆகியோர் அறிவித்தனர். அது எல்லைக் களிமண்ணில் இல்லாமல், அதற்கு மேலும் கீழும் இருந்தது. பெரிய மோதலின் வெப்பம் கரிமச் சேர்மங்களைச் சிதைத்துவிடும் என்பதால், வால்வெள்ளியின் நுண்தூசு நீண்ட காலம் மெல்ல விழுந்திருக்கலாம் எனப் பின்னர் விளக்கம் தரப்பட்டது.

தென்னாப்பிரிக்காவின் பார்பர்டன் பகுதியில், 333 கோடி ஆண்டுகள் பழமையான எரிமலைப் படிவின் மெல்லிய அடுக்கில் விண்வெளிக் கரிமப் பொருள் இருப்பதாக 2019இல் அறிவிக்கப்பட்டது. அதிலுள்ள இணையற்ற எதிர்மின்னிகள் காந்தப்புலத்தில் காட்டிய குறிப்பலை, கார்பன் மிகுந்த விண்கற்களின் குறிப்பலையை ஒத்திருந்தது.

அஞ்சார் படிவு

அஞ்சாரில் தக்காண எரிமலைக் குழம்புப் பாறைகளுக்கு இடையே பழைய ஏரிப் படிவு ஒன்று உள்ளது. இதில் இரிடியம் மிகுந்த மூன்று மெல்லிய அடுக்குகளை அகமதாபாத்து இயற்பியல் ஆய்வுக்கூடத்தினர் 1990களில் கண்டறிந்தனர். இரிடியம் புவியோட்டில் அரிது, விண்கற்களில் மிகுதி. பின்னர் 2002இல், பந்து போன்ற கார்பன் மூலக்கூறுகளான புல்லரீன்கள் இப்படிவில் இருப்பதாக ஐதராபாத்து தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனத்தின் பார்த்தசாரதியும் பிறரும் அறிவித்தனர்.

புல்லரீன்கள் சில விண்கற்களிலும் அறிவிக்கப்பட்டுள்ளன. ஆனால் காட்டுத்தீயின் புகைக்கரியிலும் அவை உருவாகக்கூடும். ஆகவே இவற்றின் இருப்பு மட்டும் விண்வெளித் தோற்றத்தை உறுதிப்படுத்தாது. அஞ்சாரின் இரிடிய அடுக்குகள் உலகளாவிய மோதலைக் குறிக்கின்றனவா என்பதிலும் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு.

முக்கியத்துவம்

பெண்ணு என்னும் சிறுகோளிலிருந்து 2023 செப்டம்பரில் கொண்டுவரப்பட்ட மாதிரிகளில், உயிரினங்கள் புரதம் ஆக்கப் பயன்படுத்தும் 20 அமினோ அமிலங்களுள் 14 காணப்பட்டதாக 2025 சனவரியில் அறிவிக்கப்பட்டது. புவியின் மாசு படாத வகையில் பாதுகாக்கப்பட்ட இத்தகைய மாதிரிகள், பாறைச் சான்றுகளை ஒப்பிடுவதற்கு நம்பகமான அளவுகோலாக அமைகின்றன. இத்தகைய பொருட்கள் விண்வெளியில் உருவாகின்றன என்பதை அவை காட்டுகின்றன. அவை தொடக்ககாலப் புவியை உண்மையில் வந்தடைந்தன என்பதைப் பழம்பாறைகளைக் கொண்டே அறிய இயலும்.