இணையம் மெதுவாக உள்ள ஊர்களில் வேளாண் சேவைகளைத் தவறவிடாமல் பெறுவது எப்படி? ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் பகுதி விவசாயிகளுக்கான வழிகாட்டி

ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் பகுதி விவசாயிகள் எங்களிடம் கேட்பவற்றில் விதை, உரம், பூச்சியோடு இப்போது இன்னொன்றும் சேர்ந்துவிட்டது: "படம் அனுப்பினேன் சார், சுத்திக்கிட்டே இருக்கு." 2006-ல் இங்கே நோக்கியா ஆலை திறக்கப்பட்டு, 2014-ல் மூடப்பட்டது. இன்று சுங்குவார்சத்திரம் பக்கம் பாக்ஸ்கான் ஆலையில் ஐபோன்கள் தயாராகி வெளிநாடு போகின்றன. உலகத்துக்கே கைப்பேசி செய்து கொடுக்கும் வட்டாரத்தில், ஏரிக்கரையைத் தாண்டிய வயலிலிருந்து ஒரு இலையின் படத்தை அனுப்ப முடியவில்லை என்பது வெளியூர்க்காரர்களுக்கு வேடிக்கையாகத் தெரியலாம். நெல் வைத்தவருக்கு அப்படி இல்லை. பிஎம் கிசான் இ-கேஒய்சி, பயிர்க் காப்பீடு, கொள்முதல் நிலையப் பதிவு, வாடகை இயந்திர முன்பதிவு, சிட்டா, அடங்கல் என எல்லாமே இணையத்துக்குப் போய்விட்டன. கெடு தேதி தவறினால் பணம் போகிறது. வேகமான இணைப்பு வரும்வரை இருப்பதை வைத்து எப்படிச் சமாளிப்பது, அந்த இணைப்பை எங்கே கேட்பது என்று பார்ப்போம்.

டவர் காட்டுகிறது, நெட் வரவில்லை

உங்கள் பிரச்சினை எந்த வகை என்று முதலில் பிரித்தறியுங்கள். சிக்னல் கோடு ஒன்றோ இரண்டோதான் தெரிகிறது என்றால் கோபுரம் தூரத்தில் இருக்கிறது, அல்லது கட்டடமோ மரமோ மறைக்கிறது. கோடு முழுதாக இருந்தும் நெட் நகரவில்லை என்றால் பெரும்பாலும் அது நெரிசல். ஒரு கோபுரத்தின் திறனை அதில் இணைந்த அத்தனை பேரும் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். சிப்காட் பூங்காக்களைச் சுற்றிய ஊர்களில் வாடகை அறைகளிலும் விடுதிகளிலும் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் தங்கியிருக்கிறார்கள். ஷிப்ட் முடிந்து அவர்கள் வீட்டுக்குப் பேசும் மாலை நேரத்தில்தான் நீங்களும் வயலிலிருந்து வந்து கைப்பேசியைக் கையில் எடுக்கிறீர்கள். (அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஊரைவிட்டு வந்தவர்களுக்கு அந்த ஒரு மணி நேரம்தான் குடும்பம்.)

டிராய் அமைப்பின் மைஸ்பீட் செயலியில் மூன்று நாட்கள், விடியற்காலை 5 மணிக்கும் மதியமும் இரவு 8 மணிக்கும், ஒரே இடத்தில் நின்று வேகத்தைப் பாருங்கள். பதிவிறக்க வேகத்தை மட்டும் பார்க்காமல் பதிவேற்ற வேகத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். படம் அனுப்பவும் விண்ணப்பம் ஏற்றவும் அதுதான் உதவும். விடியற்காலையில் நன்றாகவும் இரவில் மோசமாகவும் இருந்தால் நெரிசல்தான் காரணம். விண்ணப்ப வேலைகளை விடியற்காலைக்கு மாற்றினால் பாதிப் பிரச்சினை தீரும். எல்லா நேரமும் மோசம் என்றால், வேறு நிறுவனத்தின் சிம்மை அக்கம்பக்கத்தில் இரவல் வாங்கி, உங்கள் வயலிலேயே சோதித்த பிறகு எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றிக்கொள்ளுங்கள். 5ஜி கைப்பேசி வைத்திருப்பவர்கள், 5ஜி சிக்னல் வருவதும் போவதுமாக இருந்தால் அமைப்புகளில் 4ஜி என்று மாற்றிப் பாருங்கள். பல வயல்களில் அதுவே நிலையாக ஓடும்.

ஒரு சின்னக் கணக்கு. 2023 ஜனவரி முதல், பிராட்பேண்ட் என்று சொல்வதற்கு விநாடிக்குக் குறைந்தது 2 மெகாபிட் பதிவிறக்க வேகம் வேண்டும். அதற்கு முன் 512 கிலோபிட் போதும் என்று இருந்தது. கைப்பேசியில் எடுக்கும் ஒரு படம் 4 மெகாபைட் என்று வையுங்கள். ஒரு பைட்டுக்கு 8 பிட் என்பதால் அது 32 மெகாபிட். பதிவேற்ற வேகம் அரை மெகாபிட் என்றால் ஒரு படம் போக ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். ஐந்து படங்களைச் சேர்த்து அனுப்பினால் ஏன் நடுவில் நின்றுவிடுகிறது என்பது இப்போது புரியும்.

கண்ணாடி இழை எங்கே நிற்கிறது?

கிராம ஊராட்சிகளைக் கண்ணாடி இழையால் இணைக்கும் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2011 அக்டோபரில் ஒப்புதல் தந்தது. 2015-ல் அதற்கு பாரத்நெட் என்று பெயர் வந்தது. தமிழகத்தில் இதைச் செய்ய 2018-ல் டான்ஃபினெட் என்னும் தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனம் தொடங்கப்பட்டது. 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் குறைந்தது விநாடிக்கு 1 ஜிகாபிட் என்பது இலக்கு; மதிப்பீடு 1,815.31 கோடி ரூபாய். டெண்டர் நிபந்தனைகள் பற்றிய புகாரால் 2020 ஜூனில் மறு டெண்டர் விட மத்திய அரசு உத்தரவிட்டது. அதில் மட்டும் கணிசமான காலம் போனது.

பல விவசாயிகள் குழம்பும் இடம் ஒன்று உண்டு. இழை ஊராட்சிக்கு வந்துவிட்டது என்றால் உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது என்று பொருள் இல்லை. ஊராட்சி சேவை மையம் போன்ற அரசுக் கட்டடத்தில் ஒரு பெட்டியும் மின்கலமும் வைப்பார்கள். அதுவரைதான் இந்தத் திட்டம். அங்கிருந்து வீட்டுக்கு இழுப்பது தனி வேலை. அதை இணைய நிறுவனமோ உள்ளூர் கேபிள்காரரோ செய்ய வேண்டும். 2023 ஆகஸ்டில் ஒப்புதல் பெற்ற 1,39,579 கோடி ரூபாய் விரிவாக்கத் திட்டத்தில், ஊராட்சியைத் தாண்டி, கேட்கும் கிராமங்களுக்கும் இணைப்பு தர இடம் இருக்கிறது. "கேட்கும்" என்ற சொல்லைக் கவனியுங்கள்.

வந்த இழையும் அறுபடுகிறது. ஒரகடத்தில் சந்திக்கும் இரு பெரிய சாலைகளின் ஓரங்களில் குழாய்க்கும் வடிகாலுக்கும் தோண்டுவதைப் பார்த்திருப்பீர்கள். தோண்டுவதற்கு முன் கேபிள் நிறுவனத்துக்குத் தெரிவிக்க 2023 மார்ச்சில் 'கால் பிஃபோர் யூ டிக்' செயலி வந்தது. உங்கள் நிலத்தில் ஆழ்துளைக் கிணற்றுக் குழாய் பதிக்க சாலையோரம் பொக்லைன் விடும்போதும் அதைப் பயன்படுத்துங்கள்.

எந்தப் படத்தை அனுப்புவது?

இணையம் மெதுவாக இருக்கும்போது இருபது படங்கள் தேவையில்லை, சரியான நான்கு போதும்: வயலின் முழுத் தோற்றம், ஒரு முழுச் செடி, பாதித்த பகுதி அருகில், இலையின் அடிப்பக்கம். வாட்ஸ்அப்பில் எச்டி தேர்வு வேண்டாம். வழக்கமான சுருக்கிய படமே எங்களுக்குப் போதும். கூடவே நெல் ரகம், நட்டு எத்தனை நாள், கடைசியாக என்ன தெளித்தீர்கள் என்று மூன்று வரி எழுதுங்கள். அந்த மூன்று வரி இல்லாமல் வரும் படத்துக்குப் பதில் கேள்விதான் திரும்பி வரும். அதற்கு மறுபடி ஒரு நாள் போய்விடும்.

சம்பா நெல்லில் புகையான் வந்தால் இந்த ஒரு நாள் பெரிது. வயலில் வட்ட வட்டமாகக் காய்ந்த திட்டுகளை மட்டும் படமெடுத்து அனுப்புகிறார்கள். பூச்சி இருப்பது அங்கே இல்லை. பச்சையாக இருக்கும் பக்கத்துக் குத்துகளின் அடியில், நீர்மட்டத்தை ஒட்டி. குத்தை விலக்கி அந்த இடத்தைப் படமெடுங்கள். படம் போகவில்லை என்றால் எண்ணிச் சொல்லுங்கள். சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு 1 பூச்சி, குத்துக்கு ஒரு சிலந்தி உள்ள வயலில் தூருக்கு 2 பூச்சி என்பது பொருளாதாரச் சேத நிலை. இந்த எண்ணிக்கையைத் தொலைபேசியில் சொன்னாலே பரிந்துரை கிடைத்துவிடும். பதில் வரும்வரை வயல் நீரை வடித்துவிடுங்கள், யூரியா போடாதீர்கள். செயற்கைப் பைரித்ராய்டு மருந்துகளைக் கடைக்காரர் கொடுத்தாலும் வாங்காதீர்கள். அவை புகையானைப் பெருக வைக்கும்.

நெட் இல்லாமலே நடப்பவை

கிசான் கால் சென்டர் 1800-180-1551 என்ற இலவச எண்ணில் காலை 6 முதல் இரவு 10 மணி வரை தமிழில் பேசலாம். சாதாரண அழைப்பே போதும். கைப்பேசியால் மோட்டாரை இயக்கும் கருவிகளில் பல, அழைப்பிலும் குறுஞ்செய்தியிலும் இயங்குபவை. அவற்றில் பெரும்பாலானவை 2ஜி கருவிகள் என்பதால், 2ஜி சேவை இல்லாத நிறுவனத்தின் சிம்மைப் போட்டால் வேலை செய்யாது, வாங்கும்முன் கேளுங்கள். மானியம் பற்றி வேளாண் பொறியியல் துறையில் விசாரிக்கலாம். ஜிபிஎஸ்ஸுக்கும் இணையம் வேண்டாம். இருப்பிடத்தை இயக்கி வைத்துப் பயிர்ச் சேதத்தைப் படமெடுத்து, சிக்னல் உள்ள இடத்துக்கு வந்து அனுப்பலாம்.

ஊரில் ஒருவருக்கு மட்டும் நல்ல இணைப்பு இருந்தாலும் வழி உண்டு. 1998-ல் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரி வில்லியனூரை மையமாக வைத்துத் தொடங்கிய தகவல் கிராமத் திட்டத்தில் இதைத்தான் செய்தார்கள். ஒரு மையத்தில் தகவலைச் சேகரித்துத் தமிழாக்கி, வானொலி அலை வழியாகப் பிற ஊர் மையங்களுக்கு அனுப்பினார்கள். வீராம்பட்டினத்தில் கடல் அலை உயரத்தை ஒலிபெருக்கியில் மீனவர்களுக்கு அறிவித்தார்கள். வானிலை சார்ந்த வேளாண் ஆலோசனை அறிக்கை செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் வருகிறது. உங்கள் ஊரில் ஒருவர் அதைப் பதிவிறக்கி ஒரு நிமிடக் குரல் பதிவாக்கி ஊர்க் குழுவில் போட்டால் போதும். குரல் பதிவு ஒரு படத்தைவிடச் சிறியது.

கெடு தேதிகள்

சம்பா நெல் காப்பீட்டுக்கு வழக்கமாக நவம்பர் நடுப்பகுதியில் கெடு முடிகிறது. நீட்டிப்பு வரும் என்று நம்பிக் காத்திருக்காதீர்கள். கடைசி இரண்டு நாட்களில் பொதுச் சேவை மையங்களில் வரிசை நீளும், தளமும் திணறும். அடங்கல், சிட்டா, ஆதார், வங்கிப் புத்தக நகல்களை அக்டோபரிலேயே தயாராக வைத்துக்கொள்ளுங்கள். அறுத்து வயலில் பரப்பிய பயிர் 14 நாட்களுக்குள் மழையில் சேதமானால் 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். உங்கள் மாவட்ட அறிவிக்கையில் இந்தப் பிரிவு உள்ளதா என்று வேளாண் உதவி அலுவலரிடம் முன்பே கேட்டு வையுங்கள். செயலி திறக்காவிட்டால் 14447-க்கு அழைத்து, பதிவு எண்ணை எழுதி வாங்குங்கள். பிஎம் கிசான் இ-கேஒய்சிக்கு ஓடிபி வரவில்லை என்றால் சேவை மையத்தில் கைரேகை வைத்தே முடிக்கலாம்.

அடுத்த கிராம சபையில்

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடுகிறது. "இணையம் வேண்டும்" என்று பொதுவாக மனு கொடுப்பதில் பயன் குறைவு. பெட்டி பொருத்தியாகிவிட்டதா, மின் இணைப்பு இருக்கிறதா, இழை வேலை செய்கிறதா, பள்ளிக்கும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்துக்கும் எப்போது இணைப்பு தருவீர்கள் என்று தனித்தனியாகக் கேட்டுத் தீர்மானத்தில் எழுத வையுங்கள். மூன்று நாள் எடுத்த வேகக் கணக்கையும் அதோடு இணைத்து, நகலில் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள்.