உல்லம் மீன்

உல்லம் என்பது கடலில் வளர்ந்து, முட்டையிடுவதற்காக ஆறுகளுக்குள் எதிர்நீச்சலிட்டு ஏறும் மீன் இனமாகும். இதன் அறிவியல் பெயர் தெனுவாலோசா இலிசா. வங்காளத்தில் இலிசு எனவும், கோதாவரிக் கரையில் புலசா எனவும் அழைக்கப்படுகிறது. இது சுமார் 60 செ.மீ. வரை வளரக்கூடியது.

காவிரியில் உல்லம்

தென்மேற்குப் பருவமழையால் ஆற்றில் புதுவெள்ளம் வரும்போது உல்லம் கடலிலிருந்து ஏறத் தொடங்கும். காவிரிப் படுகையில் இம்மீன்கள் கொள்ளிடம் வழியாக உள்நாட்டை அடைந்தன. 1836 இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டப்பட்டது. அணைக்கட்டுகள் உல்லத்தின் வழியை மறிப்பதை மீனியல் அறிஞர் பிரான்சிசு டே 1873 ஆம் ஆண்டு அறிக்கையில் சுட்டிக்காட்டினார். 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாண மீன்துறையைச் சேர்ந்த வில்சன், கொள்ளிடத்தில் இம்மீனைச் செயற்கை முறையில் கருவுறச் செய்ய முயன்றார்.

1934 இல் மேட்டூர் அணை நிறைவுற்ற பின், பருவ வெள்ளம் நீர்த்தேக்கத்தில் தடுக்கப்பட்டதால் காவிரியில் உல்லம் வரத்து பெரிதும் குன்றியது. அதே அணையின் நீர்தான் மன்னார்குடி, திருவாரூர், தஞ்சாவூர் வட்டாரங்களின் நெல் வேளாண்மைக்கு ஆதாரமாக உள்ளது. ஆடிப்பெருக்கன்று ஆற்றை வணங்கும் வழக்கம் இன்றும் தொடர்கிறது. ஆனால் அதே பருவத்தில் வெள்ளத்துடன் ஏறிவந்த மீன் பெரும்பாலும் மறக்கப்பட்டுவிட்டது.

பண்பாட்டுச் சிறப்பு

உல்லம் வங்காளதேசத்தின் தேசிய மீன் ஆகும். கிழக்கு வங்காள இந்துக் குடும்பங்கள் பல, சரசுவதி பூசை நாளில் இணை உல்லத்தை வீட்டிற்குக் கொணர்ந்து மஞ்சள், குங்குமம் இட்டு வரவேற்கின்றன. இலக்குமி பூசை முதல் சரசுவதி பூசை வரை இம்மீனை உண்ணாத வழக்கமும் உண்டு. இது இளமீன்கள் வளர இடமளிக்கிறது. தாலியை விற்றேனும் புலசா உண்ண வேண்டும் என்பது கோதாவரிப் பகுதிப் பழமொழியின் பொருள்.

வட அமெரிக்காவின் மேற்குக் கரைத் தொல்குடிகளுக்குச் சால்மன் மீன் இத்தகையதே. பருவத்தின் முதல் மீனைச் சடங்குடன் பகிர்ந்துண்டு, அதன் எலும்புகளை ஆற்றிலேயே விடுவது பல குடிகளின் மரபு. மீனை உறவாகக் கருதும் நம்பிக்கை இதன் அடிப்படையாகும். கொலம்பியா ஆற்றின் செலிலோ அருவி என்னும் பழம்பெரும் மீன்பிடித் தலம் 1957 இல் அணைநீரில் மூழ்கியது.

பாதுகாப்பு

கங்கையில் அலகாபாத்திற்கு அப்பாலும் சென்ற உல்லம், 1975 இல் பராக்கா தடுப்பணை இயங்கத் தொடங்கிய பின் அதற்கு மேற்பட்ட பகுதிகளில் அரிதாயிற்று. முட்டையிடும் காலத்தில் வங்காளதேசம் மீன்பிடிப்பிற்கு 22 நாள் தடை விதிக்கிறது. யூரோக், காருக் முதலிய குடிகளின் நீண்ட போராட்டத்திற்குப் பின் கிளமத் ஆற்றின் நான்கு அணைகள் 2024 இல் முற்றிலும் அகற்றப்பட்டன. அவ்வாண்டு இலையுதிர் காலத்திலேயே சால்மன்கள் அணைகள் இருந்த இடத்தைக் கடந்து மேலேறின. மேட்டூர் அணையை நம்பி நெல் விளையும் காவிரிப் படுகைக்கு அத்தகைய தீர்வு பொருந்தாது.