அச்சில் இல்லாத கார்கள்

மாதிரிக் கார் செய்கிறேன் என்று சொன்னால் இரண்டு விதமான பதில்தான் வரும். "ஓ, பொம்மைக் காடியா?" என்பது ஒன்று. "ஒரு பெட்டி எத்தனை வெள்ளி?" என்பது இன்னொன்று. விலையைச் சொன்னதும் முதல் பதில் மறுபடியும் வரும், கொஞ்சம் கூடுதல் அழுத்தத்தோடு. இலக்கிய நண்பர்கள் மத்தியில் நிலைமை இன்னும் மோசம். நாவல் படிக்கிறவனுக்கு இது எதுக்கு என்று ஒரு பார்வை பார்ப்பார்கள். ஆனால் இந்தப் பொழுதுபோக்கின் வரலாற்றைத் தோண்டிப் பார்த்தால், நாவல் படிக்கிறவனுக்கு அதில் நிறைய வேலை இருக்கிறது. மக்களை மறக்கவைப்பதற்காகச் செய்யப்பட்ட ஒரு பொருள், ஞாபகத்தின் பொருளாக மாறிய கதை அது.

கதை டெட்ராய்ட்டில் தொடங்குகிறது. ஹென்றி ஃபோர்டு தன் மாடல் டி காரை 1908 முதல் 1927 வரை, ஏறக்குறைய ஒரே உருவத்தில் விற்றார். ஒன்றரைக் கோடி கார்கள். வாங்கவேண்டியவர்கள் எல்லாம் வாங்கிவிட்டால் அடுத்து யாருக்கு விற்பது? இந்தக் கேள்விக்கு ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஆல்ஃபிரட் ஸ்லோன் கண்டுபிடித்த பதில் எளிமையானது: ஏற்கெனவே கார் வைத்திருப்பவனுக்கே விற்பது. அதற்கு அவனுடைய கார் பழசாகத் தெரியவேண்டும். ஓடாமல் நிற்கவேண்டியதில்லை, பழசாகத் தெரிந்தால் போதும். 1927இல் ஹார்லி ஏர்ல் என்பவரை அழைத்து வந்து வடிவமைப்புக்கென்றே ஒரு துறையைத் தொடங்கினார்கள். ஏர்ல் களிமண்ணில் கார் செய்து பார்க்கும் முறையை அங்கே நிலைநிறுத்தினார். ஆக, சாலையில் ஓடிய அந்தப் பெரிய கார்களே முதலில் களிமண் மாதிரிகளாகத்தான் பிறந்தன. அசல் எது, மாதிரி எது என்று கேட்டால் பதில் சொல்வது சிரமம்.

அதே நிறுவனம் 1930இல் சிறுவர்களையும் உள்ளே இழுத்தது. ஃபிஷர் பாடி கிராஃப்ட்ஸ்மேன்ஸ் கில்டு என்று ஒரு போட்டி. ஃபிஷர் சகோதரர்கள் குதிரை வண்டி செய்யும் குடும்பத்தில் வந்தவர்கள். ஜெனரல் மோட்டார்ஸுக்குக் காரின் மேற்கூடு செய்து கொடுத்தவர்கள். அவர்களுடைய சின்னத்தில் இருந்த நெப்போலியன் காலத்துச் சாரட்டு வண்டியைச் சின்ன அளவில் அப்படியே செய்துகாட்டவேண்டும். மரம், உலோகம், துணி எல்லாவற்றையும் பையனே வெட்டி, செதுக்கி, தைக்கவேண்டும். முதல் பரிசு 5,000 டாலர் கல்வி உதவித்தொகை, நான்கு பேருக்கு. பெருமந்தம் அமெரிக்காவை நசுக்கிக்கொண்டிருந்த நேரம் அது. வேலை போன அப்பனின் வீட்டில் ஒரு பையன் அடுப்படி மேசையில் உட்கார்ந்து, சாரட்டின் சக்கரத்துக்கு ஆரம் செதுக்குவதைக் கற்பனை செய்து பாருங்கள். அந்தச் சக்கரம் உருண்டால் கல்லூரி. இல்லையென்றால் இல்லை.

1937இலிருந்து சாரட்டோடு, பையன்களே சொந்தமாக வடிவமைத்த எதிர்காலக் கார்களும் போட்டிக்கு வந்தன. 1947இல் வென்ற சக் ஜோர்டன் பிறகு அதே நிறுவனத்தில் சேர்ந்து, 1986இல் அதன் வடிவமைப்புத் துறைக்கே துணைத்தலைவரானார். 1968 வரை நடந்த இந்தப் போட்டியை நல்ல எண்ணத்தோடு நடத்தியதாகவே பலரும் எழுதுகிறார்கள். எனக்கு அதில் முழுச் சம்மதமில்லை. போட்டி பையன்களுக்கு மட்டும்தான், பெண்பிள்ளைகளுக்கு இடமே கிடையாது. அடுத்த ஆண்டின் காரை யார் கனவு காணலாம் என்பதை நிறுவனம் முன்கூட்டியே முடிவு செய்திருந்தது. ஆனாலும் அந்தப் பையன்களின் கைகள் கற்றுக்கொண்டது பொய்யில்லை.

கடையில் வாங்கி ஒட்டும் பிளாஸ்டிக் கார் வந்தது வேறு வழியில். 1948இல் மிச்சிகனில் தொடங்கிய ஏஎம்டி நிறுவனம், முதலில் ஃபோர்டு விற்பனைக் கடைகளுக்காக அலுமினியத்தில் குட்டிக் கார்களை வார்த்தது. அலுமினிய மாதிரிப் பொம்மைகள் என்ற பெயரின் சுருக்கம்தான் ஏஎம்டி. சீக்கிரமே பிளாஸ்டிக்குக்கு மாறிவிட்டாலும் பெயர் ஒட்டிக்கொண்டது. புதிய கார் வரும் நாளில், அதே வடிவத்தில், அதே நிறத்தில் கைக்கு அடக்கமாக ஒரு கார் விற்பனையாளர் மேசையில் இருக்கும். அப்பா விலை பேசும்போது பையன் கையில் கொடுத்துவிடுவார்கள். வீட்டுக்குப் போனபின் பையன் சும்மா இருப்பானா? இதைவிட மலிவான விளம்பரம் ஏது?

அந்த ஆரம்பகால விற்பனைக் குட்டிக் கார்கள் அசிட்டேட் என்ற பிளாஸ்டிக்கில் செய்யப்பட்டவை. அது நாளாக ஆகச் சுருங்கி வளையும். இன்று சேகரிப்பாளர்களிடம் இருக்கும் பல கார்கள் வெயிலில் காய்ந்த வாழையிலை மாதிரி முறுக்கிக்கொண்டு நிற்கின்றன. புதுமையை விற்கச் செய்த பொருளுக்கு இது பொருத்தமான முதுமை என்றுதான் எனக்குத் தோன்றும்.

1958இல் ஏஎம்டி அதே கார்களைத் துண்டுதுண்டாகப் பெட்டியில் போட்டு விற்றது. ஒரே பெட்டியில் மூன்று விதமாகக் கட்டலாம்: கடையில் வந்தபடி, அலங்கரித்தபடி, பந்தயக் காராக. இது சின்ன விஷயமாகத் தெரியலாம். நிறுவனம் இப்படித்தான் என்று சொன்ன ஒரு காரை, பத்து வயதுப் பையன் இல்லை, இப்படி என்று மாற்றும் உரிமை முதன்முதலாக அந்தப் பெட்டிக்குள்தான் பரவலாகக் கிடைத்தது.

இனிமேல்தான் எனக்கு முக்கியமான இடம். பிளாஸ்டிக் பாகங்களை வார்க்க எஃகு அச்சு வேண்டும். உருகிய பாலிஸ்டைரினை அழுத்தத்தோடு அச்சுக்குள் செலுத்தி, குளிரவைத்து, பிரித்து எடுப்பார்கள். ஒரு காருக்கான அச்சை வெட்டுவது பெரிய செலவு. நிஜக் கார் ஆண்டுதோறும் மாறும்போது ஒவ்வொரு முறையும் புது அச்சு வெட்டினால் கட்டுப்படியாகாது. அதனால் பல கார்களுக்குப் போன ஆண்டின் அச்சையே எடுத்து, சில இடங்களில் சுரண்டி, சில இடங்களில் உலோகம் சேர்த்து, இந்த ஆண்டின் முகத்தை வெட்டினார்கள். பழைய ஓலையைச் சுரண்டி அதன் மேலேயே புதிதாக எழுதுவதுபோல. ஒருமுறை மாற்றிவிட்டால் முந்தைய ஆண்டின் கார் திரும்ப வராது. அந்த ஆண்டு விற்ற பெட்டிகள் எத்தனையோ, உலகத்தில் அத்தனைதான்.

தமிழில் அச்சு என்ற ஒரே சொல் வார்ப்பதற்கும் புத்தகத்துக்கும் வண்டிச் சக்கரத்தின் இருசுக்கும் நிற்கிறது. பதிப்பு நின்றுபோன புத்தகத்தைத் தேடி அலைந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

அந்த நாள் பையன்கள் கட்டி, நொறுக்கி, பரண்மேல் போட்ட கார்கள் இப்போது ஏலத்துக்கு வருகின்றன. பசை வழிந்து, மூன்று நிறத்தில் தடவி, கூரையில் கட்டைவிரல் ரேகை பதிந்த கார்கள். இந்தப் பசை சும்மா ஒட்டுகிற பசை இல்லை. பிளாஸ்டிக்கையே கரைத்து இரண்டு பாகங்களையும் ஒன்றாக உருக்கிவிடும். அதனால் ரேகை மேலே ஒட்டிய அழுக்கல்ல, பொருளுக்குள்ளேயே போய்விட்ட தழும்பு. மீட்பவர்கள் காரைப் பிரேக் எண்ணெயில் ஊறவைத்துச் சாயத்தைக் கழற்றி, இணைப்புகளை ஒவ்வொன்றாகப் பிளந்து, ரேகையை உப்புத்தாளால் தேய்த்து எடுப்பார்கள். ஏஎம்டியின் பெயரை இன்று வைத்திருக்கும் ரவுண்ட் 2 நிறுவனமும் தப்பிப் பிழைத்த பழைய பெட்டிகளை அளவெடுத்து, அழிந்த சில கார்களுக்குப் புது அச்சு வெட்டுகிறது. நல்ல காரியம். ஆனால் ரேகையைத் தேய்க்கும் இடத்தில் எனக்குக் கை நின்றுவிடும். 1962இல் யாரோ ஒரு பையன் பொறுமையில்லாமல் காயும் முன்பே தொட்டிருக்கிறான். காரைவிட அதுதானே அரிது?

நுணுக்கம் சேர்ப்பது என்று நாங்கள் சொல்லும் வேலையும் மறதிக்கு எதிரானதுதான். பெட்டியில் வரும் இன்ஜினில் வயர் இருக்காது. வி8 இன்ஜின் என்றால் டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து எட்டு ஸ்பார்க் பிளக்குக்கும் எட்டு வயர், காயிலுக்கு ஒன்று. நிஜத்தில் எட்டு மில்லிமீட்டர் தடிமன் உள்ள வயர், 1/25 அளவில் 0.3 மில்லிமீட்டர். சாமணத்தில் பிடித்து நுழைக்கவேண்டும். சிலர் வெடிப்பு வரிசையையும் சரியாகக் கொடுப்பார்கள்: சிறிய செவ்ரோலே வி8க்கு 1-8-4-3-6-5-7-2. மூடியை மூடினால் ஒருத்தரும் பார்க்கப்போவதில்லை. அதே கணக்கில், சாயத்தில் விழுந்த ஒரு தலைமுடி நிஜக் காரில் ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டர் கயிறாகிவிடும். மின்னும் சாயத்தின் துகள்கூட அந்த அளவுக்குப் பெரிதாகி உறுத்தும். மொத்தத்தில், பொருளைச் சுருக்கலாம், தூசியைச் சுருக்க முடியாது.

நம் பக்கத்தில் என்னைப் போன்றவர்கள் டெட்ராய்ட் வழியாக இந்தப் பழக்கத்துக்குள் வரவில்லை. ஜப்பானின் ஷிசுவோகா வழியாக வந்தோம். 1946இல் மரம் அறுக்கும் ஆலையாகத் தொடங்கிய தமியா, முதலில் மர மாதிரிகள் செய்து, 1960இல் பிளாஸ்டிக்குக்கு வந்தது. முதல் பிளாஸ்டிக் கப்பல் தோல்வி. பிறகு வந்த பாந்தர் பீரங்கி வண்டிதான் தூக்கிவிட்டது. உள்ளே பேட்டரி அடங்கவேண்டும் என்று அதற்குக் கொடுத்த 1/35 அளவுதான் இன்றைக்கும் உலகம் முழுக்க ராணுவ மாதிரிகளின் அளவு. 2025இல் மறைந்த ஷுன்சாகு தமியா, போர்ஷே 934 மாதிரிக்காக ஒரு நிஜப் போர்ஷே 911 காரை வாங்கிப் பாகம் பாகமாகக் கழற்றிப் பார்த்தார். திரும்ப மாட்டுவதற்குப் போர்ஷே ஆட்களின் உதவி தேவைப்பட்டது. டெட்ராய்ட் காரை விற்க மாதிரி செய்தது. இவர் மாதிரி செய்யக் காரை வாங்கினார். இரண்டு மரபுக்கும் உள்ள வித்தியாசம் இதற்குள்ளேயே இருக்கிறது.

தொண்ணூறுகளில் இங்கே வளர்ந்தவர்களுக்கு நான் தமியாவைப் பற்றி விளக்கவேண்டியதில்லை. மோட்டார் வைத்த அந்தக் குட்டிக் காடிக்கு நிறுவனத்தின் பெயரே பெயராகிவிட்டது. "டேய், தமியா எடுத்துட்டு வாடா" என்றால் போதும். பந்தயத் தடம் வைத்த கடை முன்னால் மலாய், சீனப் பையன்களோடு சேர்ந்து நாங்களும் நின்றோம். வேகம்தான் எல்லாம். நுணுக்கமெல்லாம் பிறகு, சம்பளம் வாங்கத் தொடங்கியபின்.

எந்தக் கார் பிளாஸ்டிக்கில் உயிர்வாழும் என்பதை அந்தக் காரை ஓட்டியவர்கள் தீர்மானிப்பதில்லை. வாங்கும் கூட்டம் எங்கே இருக்கிறதோ அந்த ஊர்க் கார்களுக்கு அச்சு வெட்டுவார்கள். கடை அலமாரியில் முஸ்டாங் இருக்கும், போர்ஷே இருக்கும், ஸ்கைலைன் பத்து விதத்தில் இருக்கும். 1985 ஜூலையில் வெளிவந்த முதல் புரோட்டோன் சாகாவை, தோட்டத்திலிருந்து பட்டணத்துக்கு வந்த எத்தனை குடும்பங்களின் முதல் காராக இருந்த அதை, நான் எந்தக் கடை அலமாரியிலும் பார்த்ததில்லை.

அதனால் இப்போது வெள்ளை பிளாஸ்டிக் தகட்டில் அதை வெட்டிக்கொண்டிருக்கிறேன். பட்டறை ஒன்றில் நிற்கும் பழைய சாகாவை அளக்க அதன் முதலாளி அனுமதித்தார். "அளந்து என்னா செய்யப் போற தம்பி?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் அளவு நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். 1/24 அளவில் முழு நீளம் ஏறக்குறைய 17 சென்டிமீட்டர். கூரையும் பின்கதவும் முடிந்துவிட்டன. முன்விளக்கின் சரிவு இன்னும் அமையவில்லை, இரண்டு முறை வெட்டிப் பார்த்தாகிவிட்டது. டேஷ்போர்டு மேல் ஒட்டவேண்டிய முருகன் படம் மட்டும் தயார். மூன்று மில்லிமீட்டர் உயரம்.