ரப்பர் தளிரிலிருந்து கேக் மாவு வரை

மார்த்தாண்டம் தேனில் பெரும்பங்கு பூவிலிருந்து வருவதில்லை. இலையுதிர்த்த ரப்பர் மரம் தை, மாசியில் தளிர்விடும்போது, மூன்று சிற்றிலைகள் கூடும் காம்பு முனையில் சிறு சுரப்பிகள் இனிப்பாகக் கசியும். தோட்டத்துத் தேன்பெட்டிகள் நிறைவது அந்தக் கசிவால்தான்.

கசிவாக இருக்கும்போது அதில் தண்ணீரே அதிகம். தேனீக்கள் சிறகடித்து அதை வற்றவைத்து, ஈரம் ஐந்தில் ஒரு பங்குக்கு வந்ததும் அறையை மெழுகால் மூடிவிடும். தண்ணீர் போகப் போக அதே கொள்ளளவுக்கு எடை கூடும். 20 சதவீத ஈரமுள்ள தேன் லிட்டருக்கு ஏறக்குறைய 1.4 கிலோ, 17 சதவீதம் என்றால் 1.42 பக்கம். மூடாத அடையை அவசரப்பட்டுச் சுற்றிப் பிழிந்தால் நீர்த்த தேன்தான் கிடைக்கும், சீக்கிரம் புளித்தும் போகும்.

வடிகட்டிய தேன் தகர டின்னில் ஏறி, எடைக்குத்தான் விலை போகிறது. தகராறு கிளம்பும் இடம் பாட்டில். தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ என்று பழகிய கண்ணுக்கு, ஒரு கிலோ தேன் பாட்டில் எப்போதும் குறைவாகத்தான் தெரியும். 710 மில்லி சுமாரில் அது அடங்கிவிடுகிறதே! கடைக்காரர் ஏமாற்றவில்லை. பழைய 750 மில்லி பாட்டிலைக் கழுத்துவரை நிரப்பினால் ஒரு கிலோவுக்கு மேலேயே நிற்கும். கனமாக இருப்பதால் மட்டும் அசல் தேன் என்று நம்பிவிடவும் வேண்டாம்; சர்க்கரைப் பாகையும் காய்ச்சிச் சுண்டவைத்தால் அந்தக் கனத்துக்குக் கொண்டுவந்துவிடலாம்.

சமையலறைக்கு வந்ததும் கிராம் மறந்துபோய், கரண்டியும் கப்பும் வந்துவிடுகின்றன. 5 மில்லி டீஸ்பூனில் 7 கிராம், 15 மில்லி டேபிள்ஸ்பூனில் 21 கிராம், 240 மில்லி கப்பில் 340 கிராம். மில்லியை 1.4-ஆல் பெருக்கினால் கிராம், கிராமை 1.4-ஆல் வகுத்தால் மில்லி. வீட்டுச் சமையலுக்கு இந்தக் கணக்கு போதும். ரப்பர் தேன் சீக்கிரம் உறைந்து மணல்மணலாகிவிடும். அதைக் கரண்டியால் அள்ளினால் இடையிடையே காற்று நிற்கும். வெந்நீரில் பாட்டிலை வைத்து இளக்கிய பிறகு அளப்பது நல்லது. கரண்டியில் துளி எண்ணெய் தடவினால் ஒட்டாமல் வழியும். அதைவிடச் சுலபம், கிண்ணத்தைத் தராசில் வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்கி, நேராக ஊற்றிவிடுவது.

கேக்கில் சர்க்கரைக்குப் பதில் தேன் விடுபவர்கள் தடுமாறுவதும் இங்கேதான். ஒரு கப் சர்க்கரை 200 கிராம். அதே கப் தேன் 340 கிராம், அதில் 60 கிராமுக்கு மேல் தண்ணீர். கப்புக்குக் கப் மாற்றினால் மாவு நெகிழ்ந்து, நடு வேகுமுன் மேல் கருகிவிடும். முக்கால் கப், அதாவது 255 கிராம் தேன் போதும். அதிலும் ஐம்பது மில்லிக்குச் சற்றுக் குறைவாகத் தண்ணீர் இருக்கும். பாலில் அந்த அளவைக் குறைத்துக்கொண்டு, அடுப்பின் சூட்டையும் கொஞ்சம் தணிக்க வேண்டும்.