மரபணு ஆராய்ச்சியும் குலவரலாறும்

நம் முன்னோர் எங்கிருந்து போந்தனர் என்னும் வினா, குலவரலாறு எழுதப் புகுவார் யாவர்க்கும் முதற்கண் எழுவதாகும். செப்பேடு, கல்வெட்டு, பழம்பத்திரம், முதியோர் வாய்மொழி என்பனவே இதுகாறும் சான்றாயின. இப்பொழுதோ, உமிழ்நீரைக் குழாயில் அடைத்தனுப்பின் குலமூலம் உரைப்போம் எனக் கூறும் கம்பெனிகள் தோன்றியுள்ளன. மேல்விஷாரத்தினின்றும் ஆம்பூரினின்றும் தோல் வாணிகத்தின் பொருட்டு மேனாடு செல்லும் நம் இளைஞர் இதில் ஆர்வங்கொள்ளுதல் கூடுமாதலின், ஈண்டுச் சில கூறுவாம்.

உடலை அளந்து குலத்தை அறிய முயலுதல் புதிதன்று. சென்னைப் பொருட்காட்சிசாலைத் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டன் துரை நம் நாட்டார் தலையையும் மூக்கையும் கருவிகொண்டு அளந்தார். ரங்காசாரியார் துணையுடன் 1909-இல் தென்னிந்தியச் சாதிகளைப் பற்றி ஏழு பாகங்கள் வெளியிட்டார். மூக்களவால் உயர்வு தாழ்வு காணப் புகுந்த அக்காலத்துக் கொள்கையை அறிஞர் பின்னர்க் கைவிட்டனர்.

மரபணு நூலோ அதனினும் திட்பமுடையது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் பிச்சப்பன் குழுவினர், ஆப்பிரிக்காவினின்று கடலோரமாய்ப் போந்த தொன்மக்களின் அடையாளமாகிய எம்130 என்பதனை உசிலம்பட்டிப் பக்கத்துச் சிற்றூரொன்றிற் கண்டனர். ஐதராபாத்துத் தங்கராசும் அமெரிக்கராகிய ரைக்கும் பிறரும் 2009-இல் வெளியிட்ட ஆராய்ச்சி, இந்நாட்டுக் குலத்தாருட் பெரும்பாலோர் இரு பண்டைக் கூட்டத்தாரின் கலப்பினரே எனக் காட்டிற்று. அக்கலப்பு இற்றைக்கு ஏறத்தாழ 4,200 முதல் 1,900 ஆண்டுகட்கு முன் நிகழ்ந்ததென 2013-இல் கணக்கிட்டனர். ஆகலின், கலப்பற்ற குலம் எமதே எனச் செருக்குதற்கு எவர்க்கும் இடமில்லை. சிறு கூட்டத்துள்ளேயே நெடுங்காலம் மணந்தமையாற் சில நோய்கள் வழிவழி மிகுதலை 2017-ஆம் ஆண்டு ஆராய்ச்சி விளக்கிற்று. நமக்கு உண்மையிற் பயன்படுவது இதுவே.

இனிச் சட்டத்தை நோக்குவோம். பிரான்சு தேசத்தில் குலமூலம் அறியும் பொருட்டு இச்சோதனை செய்துகொள்வார்க்கு அபராதம் உண்டு. நம் மக்களவையில் 2019-இற் கொணர்ந்த டி.என்.ஏ. மசோதா, பெரிதும் குற்ற வழக்குகளையும் பெற்றோர் இன்னாரென்னும் வழக்குகளையும் பற்றியது. அதனையும் 2023-இல் அரசினர் மீட்டுக்கொண்டனர். அவ்வாண்டே தனிமனிதர் தரவுகளைக் காக்கும் சட்டம் இயற்றப்பட்டதேனும், இவ்வாணிகத்திற்கெனத் தனிச்சட்டம் ஏற்படவில்லை. பரம்பரை நோயெனக் கூறிக் காப்பீட்டை மறுத்தல் முறையன்றென டில்லி உயர்நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்தமை சிறிது ஆறுதலாம்.

காவல் இன்றேல் விளைவது யாது? அமெரிக்காவின் 'டுவென்டிதிரீ அண்டு மீ' கம்பெனியினின்று 2023-இல் ஏறக்குறைய 69 இலட்சம் பேருடைய விவரங்கள் களவாடப்பட்டன. அக்கம்பெனி 2025-இல் திவாலாகவே, மக்கள் நம்பி ஈந்த மரபணுச் செல்வமும் கைம்மாறிற்று. ஒருவர் உமிழ்நீர் அவரைமட்டுமன்றி உடன்பிறந்தாரையும் மக்களையும் புலப்படுத்தும். ஒருவர் இசைவு குடும்பத்தார் அனைவரின் இசைவாகுமோ?

ஆதலின் அன்பர்காள்! குலப்பெருமை கருதி இச்சோதனையை நாடற்க. பெண் கொள்ளுமிடத்தும் கொடுக்குமிடத்தும் இதனைக் கேளற்க. நெருங்கிய உறவில் மணம் பேசுவோர், குடும்பநோய் உளதாயின் மருத்துவரைத் தாமே மறைவாக உசாவுக. குலவரலாற்றிற்கோ, வீட்டுப் பெட்டியில் உறங்கும் பத்திரங்களையும் முதியோர் நினைவையும் இன்றே எழுதிவைப்போமாக. அவை அழியின் எந்தக் குழாயும் அவற்றை மீட்டுத் தாராது.