ஏக்கரடியில் அளந்த ஆறு: கனகராயன் ஆற்றுப் படுகையில் மாசின் வரலாறு

இரணைமடுக் குளத்தின் வரலாற்றை அணைக்கட்டின் உயரத்தைக் கொண்டு எழுதுவதே நம்மிடையே வழக்கம். ஹென்றி பார்க்கர் என்ற பிரித்தானிய நீர்ப்பாசனப் பொறியியலாளர் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திட்டம் வரைந்தார். 1902இல் வேலை தொடங்கி 1920களின் தொடக்கத்தில் முடிந்தது. அப்போதைய கொள்ளளவு 40,000 ஏக்கரடி. 1948க்கும் 1951க்கும் இடையில் கட்டை உயர்த்தியபோது அது 82,000 ஆயிற்று; 1970களின் நடுப்பகுதியில் 106,500. போருக்குப் பின்னான புனரமைப்பில் இன்னும் 2 அடி ஏற்றி, 2018 டிசம்பரில் குளம் கையளிக்கப்பட்டபோது ஏறக்குறைய 119,000. இந்த எண்கள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் கோப்புகளும் வரைபடங்களும் காரசாரமான கூட்டங்களும் உண்டு. அந்த நீரில் கரைந்திருப்பது என்ன என்ற கேள்விக்கு இதற்கு ஈடான பதிவுத் தொடர் இல்லை. இக்கட்டுரை அந்த இடைவெளி எவ்வாறு உண்டானது என்று தேடுகிறது. கனகராயன் ஆற்றுப் படுகையில் மாசு ஒரே சீராக ஏறி வரவில்லை. குடியேற்றத்தோடு ஏறியது, போரோடு இறங்கியது, மீள்குடியேற்றத்தோடு மறுபடி ஏறியது. இதைக் கணக்கில் எடுக்காமல் வகுக்கும் எந்தத் தணிப்புத் திட்டமும் தவறான இடத்தில் பணத்தைக் கொட்டும் என்பது என் கருத்து.

முதலில் நிலம். வவுனியா மாவட்டத்தின் வடபகுதியில் ஊற்றெடுக்கும் ஆறு, முல்லைத்தீவு மாவட்டத்தைக் கடந்து, கிளிநொச்சிக்குத் தெற்கே இரணைமடுவில் தேங்குகிறது. வான் பாய்ந்தால் அங்கிருந்து வடக்கே சென்று சுண்டிக்குளம் கடனீரேரியில் விழுகிறது. குளத்துக்கு மேலேயுள்ள நீரேந்து பரப்பு ஏறக்குறைய 600 சதுரக் கிலோமீற்றர். பெரும்பகுதி காடு, இடையிடையே சிறுகுளங்களும் அவற்றின் கீழ் வயல்களும். மழையின் பெரும்பங்கு ஒக்டோபருக்கும் சனவரிக்கும் இடையில் பெய்துவிடும். மிச்ச மாதங்களில் ஆறு என்பது மணற்படுகைதான். ஆண்டு முழுதும் ஓடும் ஆறுகளை வைத்து உருவான மதிப்பீட்டு முறைகளை இங்கே அப்படியே பொருத்த முடியாததற்கு இதுவே காரணம். அங்கே கழிவை ஐதாக்க எந்த நாளும் நீர் உண்டு. இங்கே எட்டு மாதம் நிலத்திலும் மணலிலும் தங்கியதெல்லாம் முதல் பெருமழையில் ஒன்றாகக் கிளம்பி வருகிறது.

1902இல் தொடங்கிய கட்டு, நீரைத் தேக்கியதோடு ஆற்றை இரண்டு வேறு அமைப்புகளாகவும் பிரித்தது. மேற்பாதியிலிருந்து வருவது குளத்துக்குள் சேரும். கீழ்ப்பாதியில், 20,000 ஏக்கருக்கு மேற்பட்ட வயல்களிலிருந்து வடிவது குளத்துக்குத் திரும்புவதில்லை. கழிவு வாய்க்கால்கள் வழியே கடனீரேரிக்குப் போகிறது. பொதுமேடைகளில் இவ்விரண்டும் ஓயாமல் குழப்பப்படுகின்றன. கிளிநொச்சிக் கமக்காரர் யூரியா போடுவதால் இரணைமடு நீர் கெடுகிறது என்று சொல்வோர், தண்ணீர் மேல்நோக்கி ஓடும் என்று நம்புகிறவர்களாக இருக்க வேண்டும்.

பழைய ஆவணங்களில் வன்னி நீர் பற்றிய அச்சம் வேறு வகையானது. ஜே. பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டக் கையேட்டில் உடைந்த குளங்களும் காய்ச்சலும் அருகிய குடித்தொகையுமே திரும்பத் திரும்ப வருகின்றன. தேங்கிய நீர் என்றால் மலேரியா. 1934–35இன் பெருந்தொற்று இலங்கையின் உலர்வலயக் குடியேற்றக் கனவுகளை உலுக்கியது. யாழ்ப்பாணத்தின் நிலநெருக்கடியையும் வேலையின்மையையும் தணிக்க 1936இல் கிளிநொச்சிக் குடியேற்றம் தொடங்கியது இந்தக் காய்ச்சலின் நிழலில்தான். 1940களின் நடுவில் டி.டி.ரி. என்ற பூச்சிகொல்லி வந்தது. வீட்டுச் சுவர்களில் விசிறினார்கள். 1963இல் நாடு முழுவதிலும் பதிவான மலேரியா நோயாளர் 17 பேர் மட்டுமே. அறுபதுகளின் இறுதியில் நோய் பெருவீச்சாகத் திரும்பியது வேறு கதை. நமக்கு வேண்டியது இதுதான்: இந்தப் படுகைக்குள் பேரளவில் நுழைந்த முதற் செயற்கை இரசாயனங்களில் ஒன்று, உயிர்காக்கும் மருந்தாக நுழைந்தது. அது இல்லாமல் உருத்திரபுரத்துப் பத்தாம் வாய்க்கால் வரை குடிகள் நிலைத்திருப்பார்களா என்பது ஐயமே. இரசாயனம் என்றால் அரசும் அறிவியலும் தரும் நன்மை என்ற மனப்பதிவு அந்தத் தலைமுறையில் ஊன்றியதை இதோடு சேர்த்தே பார்க்க வேண்டும். அறுபதுகளில் புதிய நெல்லினங்களோடு யூரியாவும் களைகொல்லியும் வந்தபோது எவரும் சந்தேகிக்கவில்லை.

வன்னியில் நாற்று நடுவதைவிட விதைப்பே பெருவழக்கு. புழுதியில் விதைத்து மழைக்குக் காத்திருக்கும் காலபோகத்தில் களை முந்திக்கொள்ளும். ஆகவே களைகொல்லி இங்கே ஆடம்பரம் கிடையாது, ஆட்கூலியின் மாற்று. அந்தத் தெளிப்பும் பசளையும் வயலில் இருக்கும் வாரங்களும் வடகீழ்ப் பருவமழையின் உச்ச வாரங்களும் ஏறக்குறைய ஒன்றே. பயிருக்குப் போட்டதில் ஒரு பங்கு வரம்பைத் தாண்டுவது பெரும்பாலும் இந்தச் சில வாரங்களில்தான்.

ஐம்பதுகளில் பரந்தனில் அரச இரசாயனத் தொழிற்சாலை எழுந்தது. ஆனையிறவு உப்பிலிருந்து எரிசோடாவும் குளோரினும் தயாரித்தது. போர் அதை முடக்கியது. படுகையில் ஒரு புள்ளியைச் சுட்டிக்காட்டி இதுதான் மூலம் என்று சொல்லக்கூடியதாக இருந்த பெருந்தொழில் ஏறக்குறைய அது ஒன்றே. மற்றதெல்லாம் பரவல் மூலங்கள்: வயல், கொல்லை, மலசலகூடக் குழி, வீதியோரம். 1977 இனக்கலவரத்தின் பின் மலையகத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர்களில் பலர் வன்னியில் குடியேறினர். கிளிநொச்சியைச் சூழ்ந்த பாரதிபுரம், மலையாளபுரம் போன்ற ஊர்களில் இன்றும் அவர்களின் வழித்தோன்றல்கள் வாழ்கிறார்கள். பாசனக் காணியில் பெரும்பாலும் பங்கு கிட்டாத இந்தக் குடிகளுக்குக் கிணறே கதி. படுகையின் மாசு யாரைத் தொடும் என்ற கேள்வியில் இந்தப் பங்கீட்டு வரலாறும் அடங்கியுள்ளது.

சட்டம் வந்தது 1980இல். தேசிய சுற்றாடல் சட்டம், அடுத்த ஆண்டு மத்திய சுற்றாடல் அதிகாரசபை, பின்னர் தொழிற்சாலைகளுக்கான சுற்றாடல் பாதுகாப்பு உரிமம். குழாய் வழியே கழிவை விடுபவரைப் பிடிக்க இந்த உரிமம் நல்ல கருவி. வயலிலிருந்து கசிவதை அது தொடாது. இது இலங்கைக்கு மட்டும் உரிய குறை என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவின் 1972ஆம் ஆண்டுத் தூயநீர்ச் சட்டமும் வேளாண் வழிவோட்டத்தை அனுமதிப்பத்திர வலைக்கு வெளியேதான் விட்டது. அரை நூற்றாண்டாக அங்குள்ள ஆறுகளில் எஞ்சி நிற்கும் பெருஞ்சிக்கலும் அதுவே. தொழிற்சாலையே அரிதான வன்னியில், தொழிற்சாலைக்கென வடித்த சட்டம் பெரும்பாலும் வேலையற்று நின்றது.

பிறகு போர். 1990இலிருந்து புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளுக்குப் பொருட்தடை விதிக்கப்பட்டது. வெடிமருந்துக்குப் பயன்படும் என்ற காரணத்தால் பசளையும் தடைப்பட்டியலில் இருந்தது. 2002இல் ஏ9 வீதி திறக்கும் வரை வன்னியின் கமம் இரசாயன உள்ளீட்டுக்கு ஏங்கியே நடந்தது. கிளிநொச்சி 1996இலும் 1998இலும் 2009 சனவரியிலும் கைமாறியது; ஒவ்வொரு முறையும் ஊர் வெறுமையானது. படுகையின் மீதான சுமை இந்த ஆண்டுகளில் குறைந்தது. ஆனால் அதைத் தூய்மை என்று பாராட்டும் மனம் எனக்கு இல்லை. மக்கள் இல்லாததால் சுத்தமான ஆறு எந்தச் சூழலியல் நூலிலும் இலக்காக எழுதப்படக் கூடாதது.

இடம்பெயர்ந்தவர்களோடு மாசும் இடம்பெயர்ந்தது. 2009இல் செட்டிகுளத்தருகே மெனிக் பாம் முகாமில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் முட்கம்பிக்குள் அடைபட்டிருந்தபோது, மழையில் மலக்குழிகள் பொங்கிக் கூடாரங்களுக்குள் புகுந்தன. அது அருவி ஆற்றுப் படுகை. கனகராயன் ஆற்றங்கரையில் பல ஊர்களில் பரவி வாழ்ந்தவர்களின் கழிவு முழுதும் வேறொரு ஆற்றின் ஓரத்தில் சில சதுரக் கிலோமீற்றருக்குள் குவிந்தது. முகாம் 2012 செப்டெம்பரில்தான் மூடப்பட்டது.

மீள்குடியேறியவர்கள் திரும்பியபோது காத்திருந்தது 2005இல் தொடங்கிய பசளை மானியம்: 50 கிலோ மூடை 350 ரூபா. பன்னிரண்டு ஆண்டு பஞ்சத்தின் பின் மலிவுப் பசளை. அளவோடு போடும்படி யாரும் சொன்னாலும் காதில் விழுந்திருக்காது. நகரமயமாதலும் கூடவே வந்தது. மாங்குளம், கிளிநொச்சி, அறிவியல்நகர் என ஏ9 நெடுகிலும் கட்டடங்கள் எழுந்தன. கழிவுநீர்க் குழாய்த்தொகுதி எழவில்லை. கட்டடங்களுக்கு மணல் வேண்டும். ஆற்றுமணல் இயற்கை வடி என்பதை மறந்து, 1992ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டத்தின் அனுமதியோடும் அனுமதியின்றியும் அள்ளினார்கள். படுகை ஆழமாகக் கரை இடிகிறது. குளத்துக்கு வண்டல் வருகிறது.

இதற்கிடையே சிறுநீரக நோய். 1990களில் வடமத்திய மாகாணத்தில் இனங்காணப்பட்ட, காரணம் தெளிவாகாத நாட்பட்ட நோய் வவுனியாவிலும் முல்லைத்தீவின் சில பகுதிகளிலும் பதிவாகிறது. உடனே விரல் பசளையையும் கிருமிநாசினியையும் நோக்கி நீண்டது. 2015இல் கிளைபொசேற் என்ற களைகொல்லி தடைசெய்யப்பட்டு, 2022இல் தடை முற்றாக நீங்கியது. நோயாளர் பெரும்பாலும் குடித்தது கிணற்று நீர். புளோரைட்டு, நீரின் கடினத்தன்மை, வெயிலில் உடல் வறள்தல் ஆகியனவும் ஆய்வாளர் பட்டியலில் உள்ளன. ஆற்றுநீர் மாசையும் இந்நோயையும் ஒரே வாக்கியத்தில் இணைப்போர் இரண்டுக்கும் நன்மை செய்வதில்லை.

நீரின் தரம் பற்றிய பேச்சு வலுத்தது, யாழ்ப்பாணம் அதைக் குடிக்கக் கேட்டபோது. 2010இல் ஆசிய அபிவிருத்தி வங்கி கடன் ஒப்புக்கொண்ட யாழ்ப்பாணம்–கிளிநொச்சி நீர் வழங்கல் திட்டம் இரணைமடுவையே மூலமாகக் கொண்டிருந்தது. சிறுபோகத்துக்கே நீர் போதாது என்று கமக்காரர் எதிர்த்தனர். முடிவில் யாழ்ப்பாணத்துக்குத் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் அமைந்து 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. விவாதம் முழுதும் எத்தனை ஏக்கரடி என்பதிலேயே சுழன்றது. நியூயோர்க் நகரம் 1997இல் தன் நீரேந்து மலைகளின் விவசாயிகளோடும் ஊராட்சிகளோடும் செய்த உடன்பாட்டை ஒப்புநோக்கலாம். அங்கே குடிக்கும் நகரம் மேல்நிலத்தின் பண்ணைகளைத் திருத்தப் பணம் கொடுத்தது. யாழ்ப்பாணம் இரணைமடுவின் தொட்டியைக் கேட்டது. மாங்குளத்துக் காட்டையும் சிறுகுளங்களையும் பேணும் செலவில் பங்கேற்பது பேரத்தில் இடம்பெறவில்லை.

2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடைப்பட்டு நவம்பரில் நீங்கியது. கமத்துக்கு அது பேரிடி. நீராய்வாளருக்கோ, கேட்டுப் பெறமுடியாத ஒரு சோதனை: ஒரே படுகை, ஒரே மழைக்காலம், பசளை மட்டும் இல்லை. அப்படியொரு வாய்ப்பைப் பயன்படுத்த, முந்திய ஐந்தாறு காலபோகங்களின் அளவீடு கையில் இருக்க வேண்டும்.

அந்த அளவீட்டை எப்படித் தொடங்குவது? மாதம் ஒரு போத்தல் நீர் எடுத்து, நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்குக் கீழே என்று எழுதி வைப்பது குடிநீருக்குச் சரி, படுகைக்குப் போதாது. செறிவை ஓட்டத்தால் பெருக்கினால்தான் சுமை தெரியும். வெள்ளத்தில் செறிவு குறைவாகவும் சுமை பலமடங்காகவும் இருக்கலாம். 2018 டிசம்பர் வெள்ளத்தில் 14 வான்கதவுகளும் திறந்த அந்த நாட்களில் கடனீரேரிக்குப் போனது, பல வறண்ட மாதங்களில் போவதைவிட அதிகமாக இருக்க வேண்டும். 1938இல் பறவைச் சரணாலயமாகவும் 2015இல் தேசிய பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட சுண்டிக்குளம் அந்தச் சுமையை வாங்கும் இடம்.

தணிப்பிலும் இரு பாதிகளுக்கு இரு வழி. கீழ்ப்பாதியில் வாய்க்கால்களுக்கு எண் உண்டு, ஒவ்வொன்றுக்கும் கமக்காரர் அமைப்பு உண்டு, துருசு திறக்கும் நாளைப் பயிர்ச்செய்கைக் கூட்டம் தீர்மானிக்கிறது. பசளை இட்ட பின் சில நாள் வரம்பை வெட்டாமல் நீரை வயலில் நிறுத்துவது, அந்த நாட்களில் துருசைத் தாழ்த்துவது ஆகியவை செலவில்லாத் தீர்மானங்கள். நீர் பங்கிடத் தெரிந்த கூட்டத்துக்கு இதுவும் இயலும். மேற்பாதி கடினம். 80 ஹெக்டேயருக்கு உட்பட்ட சிறுகுளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்திடம், காடு வனத் திணைக்களத்திடம், பெருங்குளம் மாகாண நீர்ப்பாசனத் திணைக்களத்திடம், மணல் வேறொரு பணியகத்திடம். ஆய்வாளர் மத்தும பண்டார 1985இல் விளக்கிய, ஒரு குளத்தின் வழிவு அடுத்ததில் சேரும் குளத்தொடர்க் கருத்தின்படி பார்த்தால் இந்தச் சிறுகுளங்களே வண்டலையும் சத்துகளையும் வழிமறிக்கும் முதல் வரிசை. தூர்ந்துபோன ஒரு சிறுகுளத்தின் அலைகரையில் புல்லும் மரமும் திரும்புவது, கீழே நிறுவும் சுத்திகரிப்பு இயந்திரத்தின் வேலையில் ஒரு பங்கைச் செய்துவிடும்.

ஒரு வசதி மட்டும் இந்த ஆற்றுக்கு உண்டு. அருவி ஆறு இரு மாகாணங்களைக் கடப்பதால் கொழும்பின் கையில் இருக்கிறது. கனகராயன் ஆறு ஊற்று முதல் கழிமுகம் வரை வட மாகாணத்துக்குள்ளேயே ஓடுகிறது; 1987இன் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தப்படி அதன் பாசனம் மாகாணத்தின் பொறுப்பு. முதல் அளவுகோலை ஆறு குளத்தில் நுழையும் முகத்தில், ஒக்டோபர் மழைக்கு முன்னதாக நாட்ட வேண்டும். அதற்கான உத்தரவு யாழ்ப்பாணத்திலுள்ள மாகாண அலுவலகத்திலிருந்தே புறப்படலாம்.