நிலத்தின் செவியும் விண்ணின் கண்ணும்: மின்னல் அவதானிப்பின் வரலாறு

1960ஆம் ஆண்டு ஏப்பிரல் முதலாந் திகதி ஐக்கிய அமெரிக்கா விண்ணுக்கு ஏவிய ரைரொஸ்-1 என்னும் வானிலைச் செய்மதி, புவியின் முகிற் போர்வையை மேலிருந்து படம்பிடித்தனுப்பியது. அதன்பின், இடிமுகில்களை நிலத்திலிருந்து தேடும் பழைய முறைகளுக்கு இனி வேலையில்லை என எண்ணத் தோன்றுவது இயல்பே. ஆயின், வரலாறு அவ்வழியிற் செல்லவில்லை. செய்மதி கூர்மை பெறுந்தோறும் நிலத்திலுள்ள மின்னல் அவதான நிலையங்களின் துணையும் அதற்கு வேண்டப்பட்டே வந்தது. அவ்வுறவு வளர்ந்தவாற்றை இக்கட்டுரை நோக்குகின்றது.

மின்னல் ஒளியை மட்டுமன்றி வானொலி அலைகளையும் எழுப்புகின்றது. உருசிய விஞ்ஞானி அலெக்சாந்தர் பொப்பொவ் 1895இல் அமைத்த கருவி, தொலைவில் எழும் மின்னலை அவ்வலைகளைக்கொண்டே பதிவு செய்தது. 1915இல் பிரித்தானிய வானிலைத் திணைக்களத்திற் சேர்ந்த றொபேட் வாற்சன் வாற், விமானிகளுக்கு இடிப்புயல் பற்றி முன்னறிவிக்கும் பொருட்டு இத்துறையில் ஈடுபட்டார். 1920களில் அவரும் துணைவரும் கதோட்டுக் கதிர்க் குழாயைப் பயன்படுத்தி, அலை வரும் திசையைக் கணப்பொழுதிற் காட்டும் கருவியை உருவாக்கினர். இரு நிலையங்கள் காட்டும் திசைகள் வெட்டிக்கொள்ளும் இடமே மின்னலின் இடமாகும். பிற்கால வலையமைப்புகளுக்கு வித்திட்டது இவ்வெளிய கேத்திரகணிதமே. இவரே 1935இல் ராடாருக்கு வழிகோலியவர் என்பதும் ஈண்டு நினைவுகூரத்தக்கது.

ஐக்கிய அமெரிக்காவில் இம்முயற்சி வேறு தேவைகளால் ஊக்கம் பெற்றது. 1969 நவம்பர் 14இல் அப்பல்லோ 12 விண்கலம் புறப்பட்டு ஒரு நிமிடத்துள் இருமுறை மின்னலால் தாக்கப்பட்டது. மேற்கு மாநிலங்களிலும் அலாஸ்காவிலும் மின்னலால் மூளும் காட்டுத்தீயை விரைந்து கண்டறிய வேண்டியுமிருந்தது. 1970களில் கிறைடர், யூமன் முதலியோர் அமைத்த கருவிகள், நிலத்தைத் தாக்கும் மின்னலை அதன் அலைவடிவங்கொண்டு பிரித்தறிந்தன. பிரதேச வலையமைப்புகள் இணைந்து 1989இல் நாடளாவிய வலையமைப்பு உருவாயிற்று.

இனி, செய்மதிக்கு இவற்றால் விளைந்த பயன் யாது? செங்கீழ்க் கதிர்ப் படம் முகிலின் உச்சி வெப்பநிலையையே காட்டும். இடிமுகிலின் உச்சியிலிருந்து பரவும் பனிமுகிற் படலம், புயல் தளர்ந்த பின்னரும் குளிர்ந்தே கிடக்கும். ஆகவே, உயிர்ப்புள்ள புயலையும் ஓய்ந்த புயலையும் அப்படத்தைக் கொண்டு மட்டும் வேறுபடுத்தல் அரிது. மின்னலோ, வலிய மேலெழு காற்றில் பனிப்பளிங்குகளும் மென்பனி உருண்டைகளும் மோதி மின்னேற்றம் பிரிவதால் விளைவது. எனவே, நிலையங்கள் தரும் மின்னற் புள்ளிகளைச் செய்மதிப் படத்தின்மேல் இடும்போது புயலின் உயிர்நிலை எங்குளதென்பது புலனாகின்றது. 3 முதல் 30 கிலோஹேற்சு வரையான மீடிறனுடைய அலைகள் புவிக்கும் அயன்மண்டலத்துக்கும் இடையே ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் செல்லவல்லன. ஆதலால், ராடார் எட்டாத நடுக்கடலிலும் இம்முறை பயன்படுகின்றது.

மின்னலையே விண்ணிலிருந்து காணும் முயற்சி 1995இல் ஒரு சிறு செய்மதியிலும், 1997இல் வெப்பவலய மழையை அளக்கவென ஏவப்பட்ட செய்மதியிலும் மேற்கொள்ளப்பட்டது. அவை தாழ்ந்த பாதையில் விரைந்து சென்றமையால் ஓரிடத்தைச் சிறிது நேரமே நோக்க முடிந்தது. 2016இல் ஏவப்பட்ட கோஸ்-16 என்னும் புவிநிலைச் செய்மதி இக்குறையை நீக்கியது. அதன் கருவி, மின்னலில் ஒட்சிசன் உமிழும் 777.4 நனோமீற்றர் ஒளியைச் செக்கனுக்கு 500 படங்கள் வீதம் தேடியது.

எனினும், நீர்ப்பரப்பில் தெறிக்கும் சூரிய ஒளி அதற்கு மின்னலாகத் தோன்றக்கூடும். தடித்த முகில் உண்மையான மின்னலை மறைத்தலுங் கூடும். தாக்குதல் நிலத்தை எட்டியதா, முகிலுள்ளேயே அடங்கியதா என்பதையும் அது தானாக உரைக்காது. இவற்றைச் சரிபார்க்க நில வலையமைப்பே அளவுகோலாகின்றது. மறுதலையாக, நிலத்து முறைக்கும் எல்லையுண்டு. 2007இல் ஒக்லஹோமாவில் நிலக்கருவிகள் அளந்த மின்னலின் நீளம் 321 கிலோமீற்றர். 2017 ஒக்ரோபர் 22இல் ரெக்சாசிலிருந்து கன்சாஸ் நகரப் பகுதிவரை நீண்ட மின்னலையோ செய்மதியே முழுமையாகக் கண்டது. அதன் நீளமான 829 கிலோமீற்றரை உலக வானிலை நிறுவனம் 2025இல் உலகச் சாதனையாக ஏற்றது.

செய்மதியின் ஆயுளும் வரையறைக்குட்பட்டதே. இலங்கை உள்ளிட்ட வெப்பவலயத்தின்மேல் மின்னலை நோக்கிய மழைச் செய்மதியின் பணி 2015இல் முடிவுற்றது. 2017இல் சர்வதேச விண்வெளி நிலையத்திற் பொருத்தப்பட்ட அதன் இணைக்கருவியும் 2023இல் ஓய்ந்தது. இத்தகைய இடைவெளிகளில் பதிவு அறாது தொடர நிலத்து நிலையங்கள் வேண்டும். செய்மதி உளதாகவே அவற்றைக் கைவிடலாம் எனும் வாதம் சிக்கனம்போலத் தோன்றினும், செய்மதி காட்டுவதைச் சரிபார்க்கும் வழியையே அது அடைத்துவிடும். வெளியில் நிற்கும் உழவனுக்கும் கடலிலுள்ள மீனவனுக்கும் விடுக்கப்படும் எச்சரிக்கையின் நம்பகம் இவ்விரண்டின் இணைப்பிலேயே தங்கியுள்ளது.